கரிசல் மண் வீடு, பின்சுவரில் விரிசல்: 28 ஆயிரத்திலிருந்து 7 லட்சம் வரை சொல்கிறார்கள், யாரை நம்புவது?

கரிசல்வாசி:
கோவில்பட்டிப் பக்கம் சொந்த இடத்தில் கட்டிய வீடு, தரைத்தளம் மட்டும். கட்டி எட்டு வருஷம் ஆகிறது. கடைக்கால் நாலடி ஆழம், கருங்கல் கட்டு, மேலே பெல்ட் கான்கிரீட். கீழே சுத்தக் கரிசல். சமையலறை ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. சித்திரை, வைகாசியில் அதற்குள் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிறது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நுழையாது. பின்வாசல் கதவும் மழையில் நிலையில் இடிக்கிறது.

மூன்று பேரைக் கூட்டி வந்து காட்டினேன். கொத்தனார், கீறி அடைத்துப் பூசி பெயின்ட் அடிக்க 28,000 என்றார். இன்னொருவர் தரையில் துளை போட்டு சிமெண்ட் பால் ஏற்ற 1.9 லட்சம் கேட்கிறார். மூன்றாமவர் பின்சுவர் முழுக்க அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டி கான்கிரீட் போட வேண்டும், 7.2 லட்சம் என்கிறார். ஒரே விரிசலுக்கு இவ்வளவு வித்தியாசமா? வீடு விழுந்துவிடுமோ என்று அம்மா பின்கட்டில் படுப்பதையே விட்டுவிட்டார்.

சைட் இன்ஜினியர், திருப்பூர்:
அம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். நாணயம் நுழைகிற விரிசலுக்கு வீடு விழாது. பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்று விஷயம் வேண்டும். சிங்க் தண்ணீர் எங்கே போகிறது? சுவர் பக்கத்தில் மரம் உண்டா? செப்டிக் டேங்க், தரைத்தொட்டி எந்தப் பக்கம்?

கரிசல்வாசி:
சிங்க் குழாய் சுவரை ஒட்டியுள்ள வாழைக்குப் போகிறது சார். பின்சுவரின் மறு மூலையிலிருந்து பன்னிரண்டு அடியில் பெரிய வேம்பு. தொட்டி இரண்டும் முன்பக்கம்.

சைட் இன்ஜினியர், திருப்பூர்:
பாதி பதில் கிடைத்துவிட்டது. வாழை இருக்கும் மூலையில் வருஷம் முழுக்க ஈரம், அங்கே மண் ஊதியபடியே நிற்கிறது. மறு மூலையில் வேம்பு கோடையில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது, அங்கே மண் சுருங்கி இறங்குகிறது. ஒரே சுவரின் ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே. நடுவில் சுவர் கிழியாமல் என்ன செய்யும்? மழை வந்ததும் இரண்டு பக்கமும் நனைந்து மட்டமாகிறது, விரிசல் மூடிக்கொள்கிறது. கருங்கல் கட்டு நொறுங்கிவிட்டது என்பதற்கு நீங்கள் சொன்னதில் எந்த அடையாளமும் இல்லை.

ஆகவே முதல் செலவு பிளம்பருக்கு. சிங்க் குழாயை நீட்டி, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். வாழையையும் அங்கேயே மாற்றி நடுங்கள். அப்புறம் வீட்டைச் சுற்றி மூன்று, நாலடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாக சிமெண்ட் தளம். சுவரும் தளமும் சேரும் இடத்தைத் தார் வைத்து அடைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் சுவரடியில் கொட்டினால் அதையும் திருப்புங்கள்.

சிமெண்ட் பால் 1.9 லட்சம் வேண்டவே வேண்டாம். சரளையிலும் பெருமணலிலும் இடுக்கு இருக்கும், பால் ஓடி நிரம்பும். கரிசல் களிமண்ணுக்குள் அது எங்கே போகும்? போட்ட துளையைச் சுற்றிக் கட்டியாக நிற்கும். அடுத்த கோடையில் மண் மறுபடி சுருங்கும்.

கதவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மழையில் மரமே ஊதும்.

மேஸ்திரி:
வேம்பை வெட்டி எறிந்தால் வேலை முடிந்தது. எதற்கு இவ்வளவு பேச்சு?

சைட் இன்ஜினியர், திருப்பூர்:
அண்ணாச்சி, கரிசலில் அது ஆபத்து. இத்தனை வருஷம் மரம் குடித்து வந்த தண்ணீர் இனி மண்ணிலேயே தங்கும். மண் ஊதி அந்த மூலையை மேலே தூக்கும். கிளையைக் கழித்து இலையைக் குறைத்தால் போதும், மரம் குடிக்கும் தண்ணீர் குறையும்.

மண் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன்:
ஏழு லட்சத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மண்ணைச் சோதியுங்கள். காய்ந்த மண்ணைச் சலித்து, பத்து பத்து கிராமாக இரண்டு அளவுக் குழாயில் போடுவோம். ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது. ஒரு நாள் கழித்து இரண்டின் உயரத்தையும் ஒப்பிட்டால் மண் எத்தனை சதவீதம் ஊதுகிறது என்று தெரியும். 50க்குக் கீழே என்றால் பயமில்லை, 100ஐத் தாண்டினால் கவனம். இது சின்னச் செலவு. துளை போட்டு ஆழத்து மண் எடுப்பதற்குத்தான் கூடுதலாகும்.

விரிசலையும் அளந்து வையுங்கள். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டுவார்கள். அது உடைந்தால் அசைந்தது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. விரிசலின் இரு பக்கமும் பூச்சை நீக்கி, செங்கல்லிலேயே பக்கத்துக்கு ஓர் ஆணி அடித்து, மாதம் ஒரு முறை வெர்னியரில் (பட்டறைகளில் நுணுக்கமாக அளக்கும் கருவி) ஆணிகளின் இடைவெளியை அளந்து தேதியோடு எழுதுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் தாண்டட்டும். விரிசல் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும் வரை பூச்சு வேலையோடு தீரும் என்பது பொதுவான கணக்கு. 15ஐத் தாண்டினால்தான் சுவரைப் பிரித்துக் கட்டும் பேச்சு.

கோவை வீட்டுக்காரி:
நாங்கள் அண்டர்பின்னிங், அதாவது அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டி கான்கிரீட் போடும் வேலை, செய்தோம். எங்களுக்கு வேறு வழியில்லை, மூலையே இறங்கிவிட்டது. கொட்டேஷனில் இல்லாத செலவுகளைச் சொல்கிறேன். உடைத்த டைல்ஸுக்குப் பழைய டிசைன் கிடைக்காமல் ஹால் முழுக்க மாற்றினோம். குளியலறைக் குழாய்கள் புதிதாகப் போட்டோம். தோண்டிய மண்ணை ஏற்றிப்போக லாரி வாடகை தனி. 18 சதவீத ஜிஎஸ்டி கடைசி பில்லில்தான் தலைகாட்டியது. இதையெல்லாம் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

கரிசல்வாசி:
எல்லோருக்கும் நன்றி. வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது, பாரத் கிருஹ ரக்‌ஷா. அதில் கிடைக்குமா?

பாலிசி பார்ப்பவர்:
அந்த பாலிசியில் வீடு நிற்கும் நிலம் அமிழ்வதற்குக் காப்பு உண்டு. ஆனால் புது வீடு படிவதால் வரும் சாதாரண விரிசல், நிரப்பிய மண் இறங்குவது, வடிவமைப்புக் கோளாறு, மோசமான வேலை, இவை எல்லாம் விலக்கு. கரிசல் சுருங்கியதற்குக் கேட்டால் பெரும்பாலும் விலக்கைத்தான் காட்டுவார்கள். எழுதிக் கேட்பதில் நஷ்டமில்லை. கடன் வாங்கிப் பழுது பார்த்தால், பழைய வரி முறையில் இருப்பவர் என்றால் அந்த வட்டியில் வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரை கழிக்கலாம்.

கரிசல்வாசி:
பிளம்பரை வரச் சொல்லிவிட்டேன், வெர்னியர் தம்பியின் பட்டறையில் இருக்கிறது. ஒருவேளை எல்லாம் செய்தும் விரிசல் வளர்ந்தால், அந்த 7.2 லட்சம் கொட்டேஷனில் எதைப் பார்ப்பது?

சைட் இன்ஜினியர், திருப்பூர்:
ஆழத்தைப் பாருங்கள். கரிசலில் ஈரம் ஏறி இறங்குவது ஏறக்குறைய மூன்றரை மீட்டர் வரை. அதற்கு மேலேயே நிறுத்தினால், ஊதிச் சுருங்கும் மண்ணில்தான் புது கான்கிரீட்டும் உட்காரும். அதனால்தான் கரிசலில் புது வீட்டுக்கு அடிப்பக்கம் குமிழ் வைத்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போடச் சொல்கிறோம். கட்டும்போதே போட்டால் பின்னால் இந்தத் தொல்லை இருக்காது.

அடுத்தது தோண்டும் முறை. ஒரு மீட்டர், ஒன்றேகால் மீட்டர் துண்டாக, ஒன்றுவிட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் இறுகிய பிறகே அடுத்த துண்டு. சுவர் நீளத்துக்கும் ஒரே பள்ளமாகத் தோண்டுவேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மொத்தமாக 7.2 என்று ஒற்றை வரியில் ஏற்காமல் சுவர் நீளத்தில் மீட்டருக்கு இவ்வளவு, ஆழம் இவ்வளவு என்று கேளுங்கள். பின்சுவர் முழுக்க வேண்டாம், வேம்பு மூலை மட்டும் போதும் என்று தெரிந்தால் தொகை தானாக இறங்கும். ஆனால் எந்தப் பகுதிக்கு வேண்டும் என்பதை வேலை எடுப்பவரே சொல்லக் கூடாது, வேலையில் பங்கில்லாத ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவருக்குத் தனியாகப் பீஸ் கொடுத்து எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் பொருள் வாங்குகிற அளவுக்கு மட்டும், மீதி ஒவ்வொரு துண்டு முடிந்த பிறகு.