தொழில்நுட்ப மன்றங்களில் கேள்விகள் ஏன் குறைந்தன? நீங்கள் கண்டதை எழுதுங்கள்

திரியைத் தொடங்கியவர் (சென்னை, சர்வர் நிர்வாகம்)

நண்பர்களுக்கு வணக்கம். காலையில் கேட்ட கேள்விக்கு மதியத்துக்குள் மூன்று நான்கு பேர் வந்து பதில் எழுதிய மன்றங்களில், இன்று முகப்பைத் திறந்தால் போன மாதத்துத் தலைப்புகளே வரிசையாக நிற்கின்றன. இதற்குச் செயற்கை நுண்ணறிவுதான் காரணம் என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை மட்டுமே என்பது என் கருத்து.

நிரல் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையே எடுத்துக்கொள்வோம். ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஜெஃப் ஆட்வுட்டும் 2008-இல் தொடங்கிய அந்தத் தளத்தை 2021-இல் புரோசஸ் நிறுவனம் 180 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தது. கேள்விகளின் எண்ணிக்கை செங்குத்தாகச் சரிந்தது அதன் பிறகுதான். ஆனால் இறங்குமுகம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. புதிதாக வருகிறவர்களையும் ஒதுக்கப்பட்ட பிரிவினரையும் தங்கள் தளம் அன்போடு வரவேற்பதில்லை என்று 2018-இல் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. 2023 ஜூன் மாதத்தில், செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்களை நீக்குவதில் நிர்வாகம் விதித்த கட்டுப்பாடுகளை எதிர்த்து மட்டுறுத்துநர்கள் (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர்கள்) வேலைநிறுத்தமே செய்தார்கள். 2024 மே மாதத்தில், தளத்தின் பதில்களைப் பயன்படுத்திக்கொள்ள, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்துடன் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டபோது, ஊதியம் வாங்காமல் ஆண்டுக்கணக்கில் பதில் எழுதியவர்களில் சிலர் தங்கள் பதில்களை அழிக்க முயன்றார்கள். கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் வெவ்வேறு காரணங்களுக்காக மனம் விட்டுப்போன ஓர் இடத்துக்குத்தான் சாட்ஜிபிடி வந்து சேர்ந்தது என்று நான் இதைப் பார்க்கிறேன்.

உங்கள் துறையில் நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள். எங்கேனும் ஒரு மன்றம் மீண்டும் உயிர்பெற்றிருந்தால் அதையும் அவசியம் எழுதுங்கள்.

மறுமொழி (கோவை, கைப்பேசி பழுதுநீக்கம்)

எங்கள் துறையில் சரிவு வந்த வழி வேறு. பழைய ஆண்ட்ராய்டு போன்களுக்குப் புதிய ரோம் (போனின் இயங்குதள மென்பொருள்) ஏற்றுகிறவர்களுக்கு எக்ஸ்டிஏ டெவலப்பர்ஸ் மன்றம்தான் பள்ளிக்கூடம். ஒரு மாடலுக்கென்று ஒரு திரி இருக்கும். முதல் பதிவில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்ற பட்டியலும், ஏற்றும் முறையும், ஒவ்வொரு பதிப்பிலும் மாறியவையும் இருக்கும். போன் முழுதாகத் திறக்காமல் திரும்பத் திரும்பத் தொடங்கும் பூட்லூப்பில் மாட்டிக்கொண்டால் அந்தத் திரியில் நூறாவது பக்கத்திலாவது விடை கிடைத்துவிடும். பிறகு மெல்ல மெல்ல முதல் பதிவில் டெலிகிராம் குழுவின் இணைப்பு முளைத்தது. சில மாதங்களில் அந்த இணைப்பைத் தவிர வேறு எதுவும் திரியில் சேரவில்லை.

டெலிகிராமில் உடனே பதில் கிடைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. கடையில் வாடிக்கையாளர் காத்திருக்கும்போது அந்த வேகம் பெரிய உதவி. ஆனால் அங்கே நடக்கும் உரையாடல் வலைத்தேடலில் வருவதில்லை. அதே கேள்வியை அடுத்த வாரம் வேறொருவர் கேட்கிறார், அதற்கடுத்த வாரம் இன்னொருவர். ஒரு கட்டத்தில் பதில் தெரிந்தவர் சலித்துப்போய் ஒதுங்கிவிடுகிறார். நான் உறுப்பினராக இருந்த ஒரு குழுவில், மோடம் பார்ட்டிஷன் (நெட்வொர்க் தொடர்புக்கான சேமிப்புப் பகுதி) அழிந்து, ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண் போய்விட்ட போன்களை மீட்கும் முறையை ஒருவர் படிப்படியாக, திரைப்பிடிப்புகளுடன் விளக்கியிருந்தார். குழுவை நடத்தியவர்களுக்குள் ஏதோ மனக்கசப்பு வந்து ஒருநாள் இரவோடு இரவாகக் குழுவையே நீக்கிவிட்டார்கள். அந்த விளக்கம் வேறெங்கும் இல்லை. அவரிடம் மூலப்பிரதி இருக்கிறதா என்று கேட்கக்கூட வழியில்லை, ஏனென்றால் எங்களுக்குள் இருந்த ஒரே தொடர்பு அந்தக் குழுதான்.

மறுமொழி (திருநெல்வேலி, பாலிடெக்னிக் ஆசிரியர்)

கோவை நண்பர் சொன்னதோடு மாணவர் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். அவர்களில் ஒரு பெண், டேட்டாபேஸ் இணைப்பு அறுந்துபோகும் ஒரு சிக்கலை, அகராதியைப் பார்த்துப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதி ஒரு மன்றத்தில் கேட்டார். சிறிது நேரத்தில் 'இது ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று கேள்வியை மூடிவிட்டார்கள். சுட்டிக்காட்டப்பட்ட பழைய கேள்வி வேறொரு நிரல்மொழியில் எழுதிய நிரலைப் பற்றியது. இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றுதான் என்பது அனுபவசாலிக்குப் புரியும், முதலாண்டு மாணவிக்குப் புரியாது. அதன் பிறகு அவர் எந்த மன்றத்திலும் கேள்வி கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. இன்று சாட்பாட்டிடம் தமிழிலேயே கேட்கிறார். அது எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் வகுப்பில் வேறொன்றையும் பார்க்கிறேன். உண்மையில் இல்லாத ஒரு கட்டளையைச் சாட்பாட் மிகுந்த உறுதியோடு சொல்லும்போது, 'அது தவறு, நான் ஓட்டிப் பார்த்தேன், வேலை செய்யவில்லை' என்று கீழே எழுத அங்கே இரண்டாவது மனிதர் இல்லை. மன்றத்தில் ஒரு தவறான பதில் வந்தால் அதற்குக் கீழேயே திருத்தமும் வந்துவிடும். மாணவர்கள் கற்றுக்கொண்டதில் பாதி அந்தத் திருத்தங்களிலிருந்துதான். ஆகவே என்ன செய்ய முயன்றாய், திரையில் வந்த பிழைச்செய்தி என்ன, எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறாய் என்ற மூன்றையும் எழுதிய பிறகே கேள்வியை அனுப்பும் பழக்கத்தை ஆய்வகத்தில் ஏற்படுத்தியிருக்கிறேன். அப்படி எழுதப்பட்ட கேள்விகளை மூடுகிறவர்கள் குறைவு.

மறுமொழி (யாழ்ப்பாணம், மொழித்தொழில்நுட்பம்)

தமிழ்க் கணிமையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சரிவு இன்னும் கூர்மையாகத் தைக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பைத்தான் நிரல்மொழியில் இயல்பாக வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் வடிவங்களைத் தேடும் முறை) நூலகத்திடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து, இதிலுள்ள சொற்களைப் பிரித்துக் கொடு என்று கேட்டால், அது 'தம', 'ழ' என்ற இரண்டு துண்டுகளைத் திருப்பித் தரும். இகரக் குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடான யூனிகோடில் அவை சேர்க்கைக் குறிகள் என்ற வகையில் வருவதே காரணம். இதற்கு மாற்றாக, தனியாக நிறுவிக்கொள்ளக்கூடிய வேறொரு நூலகம் இருக்கிறது. அதில் அதே கோரிக்கை முழுச்சொல்லையும் ஒழுங்காகத் தரும். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்யும் ஒருவருக்கு இந்தச் சிக்கல் வாழ்நாளில் ஒருமுறைகூட வராது. தமிழ், இந்தி, வங்காளம் போன்ற மொழிகளில் வேலை செய்கிறவர்கள்தான் இதை எழுதிவைக்க வேண்டும்.

யூனிகோடு பரவலாவதற்கு முன் தமிழுக்குப் பயன்பட்ட டிஸ்கி எழுத்துக்குறியீடே, 1990-களின் பிற்பகுதியில் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் வாதிட்டு வாதிட்டு உருவாக்கியதுதான். ஒவ்வோர் எழுத்தையும் எந்த இடத்தில் வைப்பது என்று அன்று கடிதக்கணக்கில் எழுதினார்கள். பின்னாளில் தமிழர்கள் பெரிதும் நம்பியிருந்த யாஹூ குழுமங்கள் சேவை 2020 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே பழைய கோப்புகளை எடுத்துக்கொள்ளுமாறு அறிவித்துவிட்டார்கள். பிரதி எடுத்தவர்களின் குழுமங்கள் தப்பின. மற்றவை போயின. சாட்பாட்டுகள் இன்று தமிழ் பற்றிச் சொல்லும் சரியான விடைகளும் முன்பு யாரோ பொதுவெளியில் எழுதிவைத்தவற்றிலிருந்து கற்றவைதான். நாம் பொதுவெளியில் எழுதுவதை நிறுத்திவிட்டால், இனி வரும் சிக்கல்களுக்கு அவை எதிலிருந்து கற்கும்?

மறுமொழி (மதுரை, ஒரு சிறிய மன்றத்தின் மட்டுறுத்துநர்)

திரியைத் தொடங்கிய ஐயா, உயிர்பெற்ற மன்றம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டற்ற மென்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்காக நாங்கள் நடத்தும் மன்றத்தை அப்படிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பழைய நாள்களின் கூட்டம் திரும்பவில்லை. ஆனால் பதில் இல்லாத கேள்வி இன்று அநேகமாக இல்லை.

முதலில் செய்தது பிரிவுகளைக் குறைத்தது. கூட்டம் இருந்த காலத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பிரிவு திறந்திருந்தோம். ஆள் குறைந்த பிறகு அவை பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் போல நின்றன, வருகிறவர்கள் அதைப் பார்த்தே திரும்பினார்கள். நான்கைந்து பிரிவுகளாக இணைத்ததும், வரும் சில பதிவுகளே முகப்பை நிறைத்தன. டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளுக்கு மாறியதும் உதவியது. அதில் எழுதாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருப்பவருக்கும் முதல் படி ஏற வழியுண்டு: ஐந்து தலைப்புகளைத் திறந்து, முப்பது பதிவுகளைப் படித்து, பத்து நிமிடம் செலவிட்டாலே ஒருவர் புதியவர் நிலையைக் கடந்துவிடுகிறார். நீண்டகாலம் தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தலைப்புகளைத் திருத்தும் உரிமைகூடக் கிடைக்கிறது. பொறுப்பு கைக்கு வந்தவர்கள் விட்டுப் போவதில்லை என்பதை நாங்கள் கண்கூடாகப் பார்த்தோம். புள்ளிகளும் பரிசும் வைத்த போட்டி பயன்படவில்லை. 'நன்றி', 'அருமை' என்ற ஒற்றைச்சொல் பதிவுகள்தான் குவிந்தன.

அதிகப் பலன் தந்தது, வாரந்தோறும் பதிலில்லாக் கேள்விகளைப் பட்டியலிட்டு, அந்தந்த விஷயம் தெரிந்தவரைத் தனிப்பட அழைத்துக் கேட்டதுதான். பொதுவாக 'யாராவது பதில் சொல்லுங்கள்' என்றால் எவரும் அசைவதில்லை. 'அண்ணா, இந்த பிரிண்டர் டிரைவர் சிக்கல் உங்களுக்குத் தெரியுமே' என்று ஒருவரைக் கேட்டால் அன்றிரவே எழுதிவிடுகிறார். புதியவரின் முதல் பதிவுக்கு ஒரு நாளுக்குள் மனிதர் ஒருவர் மறுமொழி எழுத வேண்டும் என்பதை எங்களுக்குள் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம்; விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பதிப்பு எண்ணையாவது கேட்டு எழுதலாம்.

கோவை நண்பர் சொன்ன டெலிகிராம் சிக்கலுக்கு எங்களுக்கும் முழுத் தீர்வு இல்லை. எங்களுக்கும் ஒரு டெலிகிராம் குழு உண்டு. அங்கே ஒரு சிக்கல் தீர்ந்ததும், கேட்டவரே அதைக் கேள்வி-பதிலாக மன்றத்தில் எழுத வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். எழுதக் கூச்சப்படுகிறவருக்காக, அவர் அனுமதியோடு நாங்களே எழுதி அவர் பெயரையும் விடை தந்தவர் பெயரையும் குறிக்கிறோம். 'சரியாகிவிட்டது' என்று மட்டும் எழுதிவிட்டு மறைகிறவரை விடாமல் துரத்தி, எப்படிச் சரியானது என்று கேட்டு வாங்குகிறோம்.

பழைய திரிகளைப் பூட்டும் வழக்கத்தையும் விட்டோம். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்தது. ஆனால் அதற்கு எழுதப்பட்ட விடைகள் பூட்டிய திரிகளில் திருத்த முடியாமல் கிடந்தன. இப்போது யாரும் அதன் கீழேயே புதிய விடையை எழுதலாம். சாட்பாட் தந்த விடையையும் தடுப்பதில்லை, ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: பதிவிடுகிறவர் அதைத் தம் கணினியில் ஓட்டிப் பார்த்து, எந்த இயங்குதளத்தில், எந்தப் பதிப்பில் ஓட்டினார், திரையில் என்ன வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். யாழ்ப்பாண நண்பர் விவரித்த அந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் சிக்கலையும் மாற்று நூலகத்தையும் அப்படியே ஒரு தனித்திரியாக எங்கள் மன்றத்தில் எழுதித் தர இயலுமா? அதே கேள்வி அங்கே இரண்டு முறை வந்து, அரைகுறை விடையோடு நிற்கிறது.