சம்பளத்திலிருந்து கான்ட்ராக்டுக்கு மாறினேன், பிடித்த வரி திரும்பி வருமா?

பாபநாசம்_சிவில் (அக்டோபர் 2025)

பாபநாசம் பக்கத்துக் கிராமம். பி.இ. சிவில் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் 38,000 சம்பளத்தில் இருந்தேன். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதும் ஊருக்கு வந்துவிட்டேன். "வீட்டிலிருந்தே ஸ்ட்ரக்சுரல் டிராயிங் போட்டுக் கொடுங்கள், மாதம் 45,000. ஆனால் இனி ஊழியர் இல்லை, கான்ட்ராக்ட்" என்றார்கள். ஜூலையிலிருந்து அப்படித்தான்.

முதல் மாதம் 40,500 என்று மெசேஜ் வந்தது. கேட்டால் 10 சதவீதம் டிடிஎஸ்ஸாம், அதாவது பணம் தருவதற்கு முன்பே பிடிக்கும் வருமான வரி. சம்பளத்தில் இருந்தவரை அந்த வரி ஒரு பைசா பிடித்ததில்லை. மூன்று மாதத்தில் 13,500 போய்விட்டது. எங்கள் வீட்டில் அது நடவுக் கூலி.

வெளிமாநிலத்துக்கு பில் போட்டால் ஜிஎஸ்டி கட்டாயம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அப்புறம், அப்பா குறுவை நெல் போட்ட பணத்தில் 60,000-ஐத் தங்கை காலேஜ் ஃபீஸுக்காக என் கணக்கில் போட்டிருக்கிறார். அதுவும் என் வருமானக் கணக்கில் சேருமா? "நோட்டீஸு கீட்டீஸு வந்துடாதேம்மா" என்று அப்பா தினமும் கேட்கிறார்.

மன்னார்குடி_கணக்கு

பயப்படாதேம்மா. 30 வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன்.

பிடித்த பணம் உன் பான் எண்ணில் வரவாகத்தான் நிற்கும். நீ இன்ஜினியர் என்பதால், வருமான வரிச் சட்டத்தில் சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கான 44ஏடிஏ பிரிவுக்குள் வருகிறாய். வந்த தொகையில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், செலவுக் கணக்கு எழுத வேண்டாம். ஜூலை முதல் மார்ச் வரை 4,05,000, பாதி 2,02,500. ஏப்ரல் முதல் ஜூன் வரை சம்பளம் 1,14,000, அதில் நிலைக்கழிவு (சம்பளத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கழிக்கும் தொகை) 75,000 போக 39,000. மொத்தம் 2,41,500. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. ஆக, மாதம் 4,500 வீதம் மார்ச் வரை பிடிக்கும் 40,500-உம் ரீஃபண்டாக வந்துவிடும். ஆனால் வருமான வரி ரிட்டர்ன் போட்டால்தான் வரும். அதற்கான படிவம் ஐடிஆர்-4, சம்பளத்தையும் அதிலேயே காட்டலாம்.

நவம்பர் 15-க்கு மேல் 26ஏஎஸ் (உன் பான் எண்ணில் கட்டிய வரியின் பட்டியல்) எடுத்துப் பார். பிடித்தவர்கள் கட்டினார்களா என்பது அதில்தான் தெரியும். இல்லையென்றால் அன்றைக்கே மெயில் போடு, மார்ச் வரை விடாதே.

ஜிஎஸ்டி வேண்டாம். சேவைக்கு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்குச் செய்தாலும் அதே வரம்புதான், 2017 அக்டோபரிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். நிறைய பேருக்கு இது தெரியாமல் வீணாகப் பதிவு செய்துவிட்டு மாதாமாதம் ரிட்டர்ன் போட்டு அவதிப்படுகிறார்கள்.

நெல் பணம் அப்பாவுடைய விவசாய வருமானம், அதற்கு வரி கிடையாது. அப்பா மகளுக்குக் கொடுத்ததற்கும் கிடையாது. கொள்முதல் ரசீதையும் சிட்டா நகலையும் ஒரு கவரில் போட்டு வை. நிலம் உன் பெயரில் இருக்கிறதா? இருந்தால் சொல், கணக்கு மாறும். விவசாய வருமானம் 5,000-ஐத் தாண்டினால் ஐடிஆர்-4 போட முடியாது, ஐடிஆர்-3 போக வேண்டும்.

திருவையாறு_ஃப்ரீலான்ஸ்

அண்ணன் வரியைச் சொல்லிவிட்டார், நான் வேறு ஒன்று கேட்கிறேன். காலை 9.30-க்கு லாகின், லீவுக்கு அனுமதி, வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்றெல்லாம் வைத்திருக்கிறார்களா? அப்படியென்றால் அது பெயருக்குத்தான் கான்ட்ராக்ட், ஊழியருக்காக நிறுவனம் கட்ட வேண்டிய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கை மிச்சம் பிடிக்கிறார்கள். நான் அப்படி இரண்டு வருஷம் இருந்தேன்; வேலை போனபோது கையில் ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தை ஒரு வாக்கியம் விடாமல் படியுங்கள். பழைய பி.எஃப். பணத்தை இப்போது எடுக்காதீர்கள் அக்கா, சேவை 5 வருஷம் ஆகாமல் எடுத்தால் அதற்கும் வரி வரும்.

பாபநாசம்_சிவில்

நிலம் அப்பா பெயரில்தான் சார். 9 மா (சுமார் மூன்று ஏக்கர்). பட்டாவை இப்போதே பார்த்துவிட்டேன்.

தம்பி, லாகின் இல்லை, ஆனால் "வேறு யாருக்கும் வரையக் கூடாது" என்று ஏழாவது பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது கவனிக்கவே இல்லை. கும்பகோணத்தில் ஒருவர் வீட்டு பிளான் கேட்டிருக்கிறார். ஒப்பந்தத்தில் அந்த வாக்கியத்தை எடுக்கச் சொல்லி நாளைக்கு மெயில் போடுகிறேன். 40,500 திரும்பி வரும் என்று அப்பாவிடம் சொன்னேன், காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்கிறார். சார் போட்ட கணக்கையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.