புதுக் கோழிகளை ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டில் விட்டால் போதுமா?

அடைகோழி: என்னிடம் ஆறு பெட்டை, ஒரு சேவல். நாளை மறுநாள் நான்கு விடைக்கோழிகள் வருகின்றன, மூன்று மாதம் ஆனவை. இருட்டியதும் பழைய கோழிகளோடு கம்பில் ஏற்றி உட்கார வைத்தால் காலையில் பழகிவிடும் என்கிறார்கள். அது போதுமா?

மண்சட்டி: போதும். வருடக்கணக்கில் அப்படித்தான் செய்கிறேன். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, சண்டை வராது. விடிந்ததும் கதவைத் திறந்துவிடுங்கள். சில நாள் கொத்திக்கொள்ளும், யாருக்கு யார் அடங்குவது என்று முடிவானதும் சரியாகிவிடும்.

கம்பிவலை: இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ராத்திரி சண்டை வராது, சரி, ஆனால் கூட்டாளி எது புதியது எது என்று கோழிக்கு நன்றாகத் தெரியும், நீங்கள் அரை மணி நேரம் தாமதமாக எழுந்தால் ஓட இடமில்லாத மூலையில் மடக்கிக் கொத்திவிடும். எனக்கு ஒரு பெட்டை அப்படித்தான் போனது. தலையில் ரத்தம் கண்டதும் அதுவரை சும்மா நின்ற கோழிகளும் சேர்ந்துகொண்டன. அதற்கும் முன்னால் நோய் இருக்கிறது. வந்தவுடன் ஒரு மாதம் தனியாக, தள்ளி வையுங்கள்.

மண்சட்டி: ஒரு மாதமா? சின்ன இடத்தில் இரண்டாவது கூண்டை எங்கே வைப்பது? சுறுசுறுப்பாக இரை பொறுக்குகிற கோழியை எதற்கு ஒதுக்க வேண்டும்?

கம்பிவலை: சுறுசுறுப்பை நம்பித்தான் ஏமாறுகிறோம். சளி நோய் வந்து தேறிய கோழி வெளியே ஒன்றும் தெரியாமல் கிருமியைச் சுமந்துகொண்டே திரியும். ரத்தக் கழிச்சல் எச்சத்தின் வழியாகப் பரவும், உங்கள் செருப்பிலும் ஒட்டி வரும். அதனால் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டுக் கடைசியாகப் புதியவற்றிடம் போங்கள். இறக்கைக்கு அடியில் பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதம் முடிந்ததும் நடுவில் கம்பிவலை வைத்து ஒன்றிரண்டு வாரம் பார்த்துப் பழகவிட்டு, அப்புறம் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது சேர்த்துவிடுங்கள்.

மண்சட்டி: நோய் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் வலை எல்லோருக்கும் தேவையில்லை. என் கோழிகள் நாள் முழுக்க வெளியே மேய்கின்றன, துரத்தினால் புதருக்குள் ஓடிவிடும்.

கம்பிவலை: அந்த இடம்தான் உங்கள் கோழிகளைக் காப்பாற்றுகிறது, ராத்திரி அல்ல. அடைத்து வளர்ப்பவருக்கு அது நடக்காது. அடைகோழி, இன்னொன்று, மூன்று மாதக் கோழிக்கு முட்டைக்கோழித் தீவனம் வைக்காதீர்கள், அதிலுள்ள அதிகச் சுண்ணாம்புச் சத்து இளங்கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சேர்த்தபிறகு எல்லாவற்றுக்குமே வளர்கோழித் தீவனம் வைத்து, முட்டையிடும் கோழிகளின் சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள்.

அடைகோழி: என் கோழிகள் பெரும்பாலும் அடைப்புக்குள்தான். அப்படியென்றால் வலையே கட்டிவிடுகிறேன். தீவனத் தட்டு எத்தனை?

மண்சட்டி: குறைந்தது இரண்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி தள்ளி வையுங்கள். தண்ணீரும் அப்படியே. நான்கும் ஒன்றாக வருவது நல்லது, ஒற்றைக் கோழியாக வந்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன்.