யூகே நர்ஸ் வேலைக்கு ஏஜென்ட் 6 லட்சம் கேக்குறாரு, குடுக்கலாமா?

ஈரோட்டுப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமோ முடிச்சுட்டு கோயமுத்தூர்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி ஐசியூல இருக்கேன், சம்பளம் இன்னும் 20 ஆயிரத்த தாண்டல. ஒரு ஏஜென்ட் 6 லட்சம் குடுத்தா இங்கிலாந்து அனுப்புறேங்கறாரு, ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் டெஸ்ட்லாம் வேணாம், மொதல்ல கேரரா (வயசானவங்க, முடியாதவங்கள பாத்துக்கற வேலை) போயிட்டு அங்கயே நர்ஸா மாறிக்கலாமாம். வீட்ல நகைய வெக்க ரெடியா இருக்காங்க. நம்பலாமா? ஜிஎன்எம் அங்க செல்லுமா?

நைட்டியூட்டி_லீட்ஸ்:
தங்கச்சி, நகைய பீரோலயே வை. வெளிநாட்லருந்து புதுசா கேரர் எடுக்கறத 2025 ஜூலை 22-ஓட இங்க நிறுத்திட்டாங்க, அந்தாளு மூடுன கதவுக்கு டிக்கெட் விக்கறாரு. நர்ஸா வர்ற வழி வேற, அது இன்னும் இருக்கு. அதுக்கு வேலைக்கு வர்றவங்ககிட்ட ஏஜென்சி கமிஷன் வாங்கவே கூடாதுன்னு யூகே அரசாங்கமே விதி போட்ருக்கு, காசு ஆஸ்பத்திரிய நடத்துற ட்ரஸ்ட்தான் குடுக்கும். என்ஹெச்எஸ் (இங்க அரசு மருத்துவத்துறை) எம்ப்ளாயர்ஸ் சைட்ல ஏஜென்சி லிஸ்ட் இருக்கு, அதுல பேர் இல்லன்னா போனே எடுக்காத.

ஜிஎன்எம் செல்லும். இங்கிலீஷ் டெஸ்ட், சிபிடிங்கற கம்ப்யூட்டர் தேர்வு ரெண்டும் ஊர்லயே எழுதிரலாம், ஆஸ்கிங்கற செய்முறைத் தேர்வு மட்டும் இங்க வந்து. மொத்தம் 10 ஸ்டேஷன், ஃபீஸ் 794 பவுண்ட், நெறைய ட்ரஸ்ட் மொத தடவைக்கு அவங்களே கட்டிருவாங்க. நம்மாளுங்க கைவேலைல கெட்டி, மாட்றது வாய்ல. பேஷண்ட் பேர் கேட்டு கைப்பட்டைய பாத்து, அலர்ஜி இருக்கான்னு விசாரிச்சு, செய்யட்டுமான்னு சம்மதம் கேட்டு எல்லாத்தையும் சத்தமா சொல்லணும், மனசுக்குள்ள செக் பண்ணா மார்க் கெடையாது. பாஸாகி, நர்ஸுங்கள பதிவு பண்ற என்எம்சி கவுன்சில்ல பின் நம்பர் வந்தாதான் பேண்ட் 5, அதாவது நர்ஸுக்கான சம்பளம், அதுவரைக்கும் கம்மிதான்.

கும்பகோணத்தான்:
லீட்ஸ் அக்கா சொன்னது கரெக்ட், ஆனா இப்ப நெலம முன்ன மாதிரி இல்லைங்க. என்எம்சி ரிஜிஸ்டர்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் வெளிநாட்ல படிச்சவங்கதான், இருந்தும் 2024-25ல புதுசா சேந்த வெளிநாட்டு நர்ஸுங்க முந்தின வருஷத்த விட 30 சதவீதம் போல கொறஞ்சுட்டாங்க. அங்கயே படிச்சு முடிச்ச புள்ளைங்களுக்கே வேலை கெடைக்கலன்னு பொலம்பறாங்க, அப்புறம் எதுக்கு நம்மள கூப்புடுவான். கையில ஆஃபர் லெட்டர் வராம இங்க வேலைய விட்றாதீங்க. காண்ட்ராக்ட்ல நடுவுல போனா எவ்ளோ திருப்பிக் கட்டணும்னு ஒரு பாரா இருக்கும், அதையும் படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. வளைகுடாவும் ஓகேன்னா கிண்டில வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற தமிழ்நாட்டு அரசோட ஓஎம்சிஎல் ஆபீஸ் இருக்கு, ஒரு எட்டு விசாரிங்க.

ஐசியூ_ராணி:
இன்னொண்ணு. இங்க குளிப்பாட்டறது, சோறு ஊட்டறது எல்லாம் ஆயாம்மாவும் சொந்தக்காரங்களும் பாத்துக்கறாங்கல்ல, அங்க அதுவும் நர்ஸ் வேலைதான். ஆனா இங்க கண்ண மூடிட்டு போடற கேனுலாவ (ட்ரிப்ஸ் ஏத்தற ஊசிக்குழாய்) அங்க ட்ரெய்னிங் முடிச்சு கையெழுத்து வாங்குற வரைக்கும் தொட விடமாட்டாங்க. ஐசியூல இருந்து போறவங்களுக்கு இது ரொம்பவே கடுப்பாகும், மனச ரெடி பண்ணிக்கோ.

ஈரோட்டுப்பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. ஐஈஎல்டிஎஸ்ஸா ஓஇடியா, எதுக்கு படிக்கட்டும்?

நைட்டியூட்டி_லீட்ஸ்:
என்னக் கேட்டா மெடிக்கல் ஆளுங்களுக்கான இங்கிலீஷ் டெஸ்ட் ஓஇடிதான். ரைட்டிங்ல பேஷண்ட் கேஸ் நோட்ஸ் குடுத்து லெட்டர் எழுதச் சொல்வான், அது நம்ம பொழப்புதானே. ரைட்டிங்ல சி ப்ளஸ் போதும், மத்த மூணுலயும் பி வேணும். ஒரே தடவைல வரலன்னா 12 மாசத்துக்குள்ள எழுதுன ரெண்டு ரிசல்ட்ட சேத்துக் காட்டலாம், ஆனா ரெண்டுலயும் ஒரு அளவுக்கு கீழ போகக்கூடாது, அந்த மார்க் என்எம்சி சைட்ல போட்ருக்கு.