காலேஜ் மாறணும், ஒரிஜினல் சர்டிபிகேட் தர மாட்டேங்குறாங்க. 17ஆம் தேதி கடைசி. உதவி தேவை

பனியன்கம்பெனி_அண்ணன் | 9 அக்டோபர் 2024, இரவு 10:40

வணக்கம். என் தங்கச்சி அரசுப் பள்ளியில ப்ளஸ் டூ முடிச்சவ. நர்சிங் கவுன்சிலிங் இழுத்துக்கிட்டே போனதால, சும்மா இருக்க வேண்டாம்னு ஒரு தனியார் கலைக் கல்லூரியில பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி சேர்த்துவிட்டோம். முதல் செமஸ்டர் ஃபீஸ் 26,000 ரூபாய் கட்டியாச்சு. இப்போ அரசுக் கல்லூரியிலயே பி.எஸ்சி. நர்சிங் சீட் கிடைச்சிருக்கு. 17ஆம் தேதிக்குள்ள ஒரிஜினலோட வந்து சேரணும்னு அலாட்மென்ட் ஆர்டர்ல போட்டிருக்கு.

டி.சி., பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், கம்யூனிட்டி சர்டிபிகேட் எல்லாம் பழைய காலேஜ்கிட்ட மாட்டிக்கிச்சு. கேட்டா "மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிக்குங்க"ன்னு சொல்றாங்க. சேரும்போதே 20 ரூபாய் பத்திரத்துல, இடையில நின்னா முழுக் கட்டணமும் கட்டுறேன்னு அப்பாகிட்ட கையெழுத்து வாங்கி வச்சிருக்காங்க. அப்பா போய் நின்னா "கரஸ்பாண்டன்ட் வரட்டும்"னு திருப்பி அனுப்புறாங்க. பாப்பா சரியா சாப்பிடக்கூட மாட்டேங்குது. நான் திருப்பூர்ல வேலை, நினைச்சப்போ லீவு கிடைக்காது. பணம் போனாலும் போகட்டும், சர்டிபிகேட் வந்தா போதும். விவரம் தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

நைட்ஷிஃப்ட்_குமார் | இரவு 10:52

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெப்சைட்ல கம்ப்ளெயின்ட் போடுங்க ப்ரோ. இல்லைன்னா நேரா போலீஸ் ஸ்டேஷன்.

ரிட்டயர்டு_சூப்பிரண்டு | இரவு 11:15

தம்பி, கல்லூரி ஆபீஸ்ல ரொம்ப காலம் உட்கார்ந்து எழுந்தவன் சொல்றேன். இதுவரைக்கும் நீங்க எழுத்துல ஏதாவது கொடுத்திருக்கீங்களா? அப்பா வாயால கேட்டதுக்கு எந்த ரெக்கார்டும் கிடையாது. நாளைக்கு அவங்க "அந்தப் பொண்ணு விலகறேன்னே சொல்லலையே, ஆப்சென்ட்னுதான் போட்டிருக்கோம்"னு சொல்லிட்டா உங்ககிட்ட காட்ட ஒண்ணும் இருக்காது.

நாளைக்கு வியாழன். வெள்ளி ஆயுத பூஜை, சனி விஜயதசமி, அடுத்தது ஞாயிறு. நாளைக்கு விட்டா திங்கள்தான் ஆபீஸ் திறப்பாங்க. அதனால நாளைக்குக் காலையிலயே தங்கச்சியும் அப்பாவும் கையெழுத்துப் போட்டு முதல்வர் பேருக்கு விலகல் கடிதம் கொடுங்க. ரெண்டு காப்பி. ஒண்ணுல தபால் சீலும் இன்வர்ட் நம்பரும் (கடிதம் வந்ததுக்கு ஆபீஸ் பதிவு எண்) வாங்கணும். கூடவே பாக்கி எதுவும் இல்லைங்கிற 'நோ ட்யூஸ்' படிவம் கேட்டு வாங்கி லைப்ரரி, லேப், பஸ் எல்லாத்துலயும் கையெழுத்து வாங்கிடுங்க. கடைசி நாள்ல "லைப்ரரி புக் ஒண்ணு வரணும்"னு ஒரு முட்டுக்கட்டை வரும், எழுதி வச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம். ஸ்கூல் டி.சி. அப்படியே திரும்பக் கைக்கு வராது. பேர் ரோல்ல ஏறிட்டா காலேஜ் அவங்க டி.சி. புக்ல புதுசா எழுதித்தான் தருவாங்க, அது செல்லும். மார்க் ஷீட் கதையே வேற. அதைச் சரிபார்த்த கையோட திருப்பிக் கொடுத்திருக்கணும், வச்சுக்கிறதுக்கு அவங்களுக்கு உரிமையே இல்லை.

வக்கீல்_வாசுகி | இரவு 11:48

சார் சொன்னது சரி. சட்டப்படி உங்க கையில என்ன இருக்குன்னு சொல்றேன்.

யுஜிசி 2018 அக்டோபர்ல ஒரு அறிவிக்கை போட்டது. சேர்க்கையின்போது அசல் சான்றிதழைப் பார்த்துட்டுத் திருப்பித் தரணும், நகலை மட்டும்தான் வச்சுக்கலாம். பல்கலைக்கழகங்களோட இணைப்புக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். அந்த 20 ரூபாய் பத்திரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முத்திரைத்தாள்ல எழுதி வாங்கிட்டா விதி மாறிடாது. சர்டிபிகேட் ஒண்ணும் அடகு நகை இல்லை, பாக்கிக்காகப் பிடிச்சு வைக்க முடியாதுங்கிறதைச் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தடவைக்கு மேலயே சொல்லியிருக்கு.

பணத்தை ஏன் அதுக்குள்ள விடறீங்க? 2024-25க்கு யுஜிசி தனியா சொல்லியிருக்கு: செப்டம்பர் 30க்குள்ள விலகினா முழுத் தொகையும் திரும்ப வரணும், அக்டோபர் 31க்குள்ளன்னா அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம். உங்க கணக்குல 25,000 ரூபாய் வரவேண்டியிருக்கு. இந்த மாசம் தாண்டினா 2018 அறிவிக்கையில இருக்கிற 80, 50 சதவீதக் கணக்குக்குப் போயிடும், இன்னும் தள்ளினா ஒண்ணுமே இல்லை. கடிதத்துல இருக்கிற தேதிக்கு அவ்வளவு மதிப்பு.

கோர்ட் வரைக்கும் போக வேண்டி வந்தா, பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100க்கும் கூப்பிடலாம்.

நைட்ஷிஃப்ட்_குமார் | இரவு 11:55

காலேஜ்லயே குறைதீர் குழு இருக்கணுமே மேடம், அதுல போட்டா?

வக்கீல்_வாசுகி | நள்ளிரவு 12:10

இருக்கணும். 2023 ஏப்ரல்ல வந்த யுஜிசி விதிகள்படி ஒவ்வொரு நிறுவனத்திலயும் மாணவர் குறைதீர் குழு வேணும். அதுல ஒரு மாணவர் பிரதிநிதி உண்டு, ஒரு பெண்ணாவது இருக்கணும். ஆனா அவங்க அறிக்கை கொடுக்க 15 வேலை நாள் டைம் இருக்கு. அது திருப்தி இல்லைன்னா 15 நாளுக்குள்ள குறைகேட்பு அலுவலர்கிட்ட மேல்முறையீடு, அவர் முடிக்க 30 நாள். 17ஆம் தேதி சேர வேண்டிய பொண்ணுக்கு இது எப்படி ஆகும்? பணத்துக்கு இந்த வழி, சர்டிபிகேட்டுக்கு வேற வழி. யுஜிசியோட ஆன்லைன் புகார் தளமான இ-சமாதான்ல போடறதும் அப்படித்தான். போட்டு வையுங்க, ஆனா அதையே நம்பி உட்காராதீங்க.

ஸ்டாஃப்நர்ஸ்_செல்வி | 10 அக்டோபர், காலை 6:20

அண்ணா, ட்யூட்டி முடிச்சு இப்பதான் பார்த்தேன். சீட் கொடுத்த காலேஜுக்கும் இன்னைக்கே போன் பண்ணி நிலைமையைச் சொல்லிடுங்க. ப்ளஸ் டூ மார்க் ஷீட் டிஜிலாக்கர்ல கிடைக்கும், எடுத்து வையுங்க. கம்யூனிட்டி சர்டிபிகேட் இ-சேவையில எடுத்ததுன்னா திரும்ப பிரிண்ட் போட்டுக்கலாம், அதுக்காக யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம். ஒரிஜினல் பழைய காலேஜ்ல இருக்கு, கேட்டுக் கடிதம் கொடுத்தாச்சுங்கிறதுக்கு அந்த சீல் போட்ட காப்பியைக் கையில வச்சுக்கிட்டு அவகாசம் கேளுங்க. கொடுப்பாங்களா இல்லையாங்கிறது அந்த டீன் கையிலதான் இருக்கு, ஆனா வெறுங்கையோட போறதுக்கு இது எவ்வளவோ மேல்.

தங்கச்சி சாப்பிடலைன்னு எழுதியிருக்கீங்களே. சீட் கிடைச்ச சந்தோஷத்தையே இது முழுங்கிடும். 14416 டெலி மானஸ், மனநல ஆலோசனை எண், கட்டணம் இல்லை, தமிழ்லயே பேசலாம். நீங்க போன் போட்டுக் கொடுத்துட்டு ரூமை விட்டு வெளிய போயிடுங்க, அண்ணன் பக்கத்துல இருந்தா அது மனசு விட்டுப் பேசாது.

பனியன்கம்பெனி_அண்ணன் | காலை 7:05

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கடிதம் எப்படி எழுதணும்? ஆபீஸ்ல வாங்க மாட்டேன்னு சொல்லிட்டா?

ரிட்டயர்டு_சூப்பிரண்டு | காலை 7:30

வளவளன்னு வேண்டாம். கோபம், வேண்டுகோள் கதை எதுவும் வேண்டாம். இப்படி எழுதச் சொல்லுங்க:

"நான் தங்கள் கல்லூரியில் 2024-25ஆம் கல்வியாண்டில் இளம் அறிவியல் நுண்ணுயிரியல் முதலாமாண்டில் சேர்ந்துள்ளேன். அரசு செவிலியர் கல்லூரியில் எனக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளதால் 10.10.2024 முதல் இப்படிப்பிலிருந்து விலகுகிறேன். ஒதுக்கீட்டு ஆணையின் நகலை இணைத்துள்ளேன். 17.10.2024க்குள் அசல் சான்றிதழ்களுடன் அங்கு சேர வேண்டும். எனவே எனது மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை 14.10.2024க்குள் வழங்குமாறும், செலுத்திய கட்டணத்தை யுஜிசி விதிகளின்படி திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

கீழே சேர்க்கை எண், போன் நம்பர், ரெண்டு பேர் கையெழுத்து. நகல் போகும் இடம்னு போட்டு, மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர், பல்கலைக்கழகப் பதிவாளர் ரெண்டு பேரையும் எழுதுங்க. அந்த ரெண்டு வரிதான் ஆபீஸ்ல முதல்ல கண்ணுல படும்.

வாங்கலைன்னா சண்டை போடாம வெளிய வந்து, அதையே போட்டோ எடுத்து முதல்வர் மெயிலுக்கு அனுப்பிட்டு, பக்கத்து தபால் ஆபீஸ்ல ரெஜிஸ்டர் தபால் ஏ.டி. கார்டோட (வாங்கினவங்க கையெழுத்தோட திரும்பி வர்ற ஒப்புகை அட்டை) போட்டுடுங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள். அங்க மனுவோட தபால் ரசீது, கடிதக் காப்பி, அலாட்மென்ட் ஆர்டர் மூணையும் பின் பண்ணிக் கொடுக்கலாம். போலீஸ் இப்போதைக்கு வேண்டாம். கரஸ்பாண்டன்டுக்கு அது மானப் பிரச்சினை ஆயிடும், பிள்ளைக்கு நாள்தான் வீணாகும்.

பனியன்கம்பெனி_அண்ணன் | 15 அக்டோபர், பகல் 12:25

அவசரம். வியாழக்கிழமை கடிதத்தை வாங்கலை. மெயில், ரெஜிஸ்டர் தபால் ரெண்டும் போட்டோம். நேத்து அப்பாவும் பாப்பாவும் கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தாங்க. சாயங்காலமே காலேஜ்ல இருந்து போன், நாளைக்கு வாங்கன்னு. இப்போ அங்கதான் இருக்காங்க. சர்டிபிகேட்டை மேஜை மேல எடுத்து வச்சுட்டு, "செலுத்திய கட்டணம் எதையும் திரும்பக் கோர மாட்டேன்"னு எழுதிக் கொடுக்கச் சொல்றாங்களாம். போடலாமா?

வக்கீல்_வாசுகி | பகல் 12:31

அந்த வரியை எழுத வேண்டாம். "அசல் சான்றிதழ்களைப் பெற்றுக்கொண்டேன்"னு மட்டும் ஒவ்வொண்ணா பேர் போட்டு எழுதிக் கொடுங்க. மறுத்தா, முதல்வர் ரூமுக்குப் போய் மனு ரசீதைக் காட்டி, இதே நிபந்தனையை ஆபீஸ்காரங்களை அவர் முன்னாடி சொல்லச் சொல்லுங்க. அதுக்கும் மசியலைன்னா கையெழுத்துக்கு மேல "எனது உரிமைகளுக்குப் பாதகமின்றி"ன்னு எழுதிட்டு வாங்கிட்டு வாங்க. சீட்தான் முதல்ல.

ரிட்டயர்டு_சூப்பிரண்டு | பகல் 12:34

டி.சி.யில நடத்தை, விலகிய தேதி, காரணம் மூணு கட்டத்தையும் அங்கேயே படிச்சுப் பார்க்கச் சொல்லுங்க தம்பி. தேதி 10.10.2024ன்னு இருக்கணும்.

பனியன்கம்பெனி_அண்ணன் | மாலை 4:10

கிடைச்சிடுச்சு! முதல்வர் ரூமுக்குப் போனதும் அந்த வரி இல்லாமலே வாங்கிக்கிட்டாங்க. டி.சி.யில தேதி இன்னைக்கு போட்டிருந்தாங்க, அப்பா கேட்டு மாத்தி, அடிச்ச இடத்துல முதல்வர் கையெழுத்தும் சீலும் வாங்கிட்டார். சார் சொன்ன மாதிரியே லைப்ரரி புக்னு ஒரு முட்டுக்கட்டை வந்துச்சு, 'நோ ட்யூஸ்' தாள்ல கையெழுத்து இருந்ததால பேச்சு அதோட முடிஞ்சது. நாளைக்கே பாப்பாவைக் கூட்டிட்டுப் போய்ச் சேர்க்கிறோம். பணம் பத்தி கேட்டதுக்கு மட்டும் பதிலே இல்லை.

வக்கீல்_வாசுகி | மாலை 4:45

வாழ்த்துகள். பணத்துக்கு: எழுத்துல கேட்டு 15 நாளுக்குள்ள திருப்பித் தரணும்னு அந்த 2018 அறிவிக்கையிலயே இருக்கு. மெயில் போன தேதியில இருந்து எண்ணுங்க. வரலைன்னா 26ஆம் தேதி குறைதீர் குழுவுக்கு மனு, அசையலைன்னா பல்கலைக்கழகக் குறைகேட்பு அலுவலர். தங்கச்சி நேர்ல போகணும்னு இல்லை, அவ சார்பா ஒருத்தரை எழுதிக் கொடுத்து அனுப்பலாம். ஃபீஸ் ரசீதும் பாங்க் பாஸ்புக் முதல் பக்கமும் இணைச்சிடுங்க.

ஸ்டாஃப்நர்ஸ்_செல்வி | இரவு 8:15

அரசுப் பள்ளின்னு சொன்னீங்களே, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வந்துட்டு இருந்துச்சா? இருந்தா, பழைய காலேஜ்ல அவ விலகினதைப் பதிவு பண்ணிட்டாங்களான்னு கேளுங்க, புது காலேஜ்ல சேரும்போதே அங்க இருக்கிற பொறுப்பாசிரியர்கிட்டயும் சொல்லிடுங்க. வெள்ளை யூனிபார்ம் தைக்க இப்பவே அளவு கொடுத்துடாதீங்க, அங்க என்ன மாடல்னு முதல்ல கேட்டுக்கோங்க.