நியூ வேவ் மேடைப் பதிவுகளை ஒரே சிடியில் கோர்ப்பது: கைதட்டலில் ஒட்டு தெரிகிறது

கேசட்கடை:
1978 முதல் 1988 வரையிலான நியூ வேவ் (பங்க்கை ஒட்டி எழுந்த ராக் வகை) மேடைப் பதிவுகளை 80 நிமிட ஆடியோ சிடி ஒன்றில் கோர்த்துக்கொண்டிருக்கிறேன். எல்விஸ் காஸ்டெல்லோ (டொரொன்டோ எல் மொகாம்போ, 1978), டாக்கிங் ஹெட்ஸ் (ஹாலிவுட் பான்டேஜஸ் தியேட்டர், டிசம்பர் 1983), சூசி அண்ட் த பான்ஷீஸ் (லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால், 1983), டெப்பேஷ் மோட் (பசடீனா ரோஸ் போல், 18 ஜூன் 1988), இடையில் இரண்டு பீல் செஷன்கள் (பிபிசி வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காகப் பதிவானவை). பாதி சிடியிலிருந்து எடுத்தது, பாதி டிவிடியிலிருந்து. மென்பொருள் ஆடாசிட்டி.

ஒரு கைதட்டலிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது நடுவில் குழி விழுந்த மாதிரி சத்தம் இறங்கி ஏறுகிறது. எல்லாவற்றையும் நார்மலைஸ் செய்தும் ஒரு பாட்டு முணுமுணுக்கிறது, அடுத்தது அலறுகிறது. ஐரோப்பிய டிவிடியிலிருந்து எடுத்த பாட்டுகள் மட்டும் சுருதி ஏறிக் கேட்கின்றன. வருட வரிசையில் அடுக்கினால் போதுமா என்றும் சொல்லுங்கள்.

ஒற்றைக்காது:
குழிக்குக் காரணம் நேர்கோட்டு க்ராஸ்ஃபேட், அதாவது ஒரு சத்தம் சீராக அணைய அடுத்தது சீராக எழும் மாற்றம். நடுப்புள்ளியில் இரண்டு பக்கமும் 6 டெசிபல் குறைந்திருக்கும். இரண்டு வெவ்வேறு கூட்டங்களின் கைதட்டலுக்குள் எந்த ஒற்றுமையும் கிடையாது என்பதால் கூட்டினாலும் 3 டெசிபல்தான் திரும்பக் கிடைக்கும். மீதி 3 டெசிபல்தான் உங்கள் குழி. இரண்டையும் தனித்தனி ட்ராக்கில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் பகுதியைத் தேர்ந்தெடுத்து, 'க்ராஸ்ஃபேட் ட்ராக்ஸ்' எஃபெக்டில் 'கான்ஸ்டன்ட் பவர்' வகையை வையுங்கள். ஒரே அளவு கூட்டம் என்றால் 3 வினாடி போதும். க்ளப்பிலிருந்து ஸ்டேடியத்துக்குப் போனால் 8 முதல் 10 வினாடி வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் பெரிய கூட்டத்தின் இரைச்சலை நாலைந்து வினாடி முன்னாலேயே 12 டெசிபல் குறைத்து அடியில் ஓடவிட்டால் காது பழகிவிடும்.

வெட்டும் இடம் இன்னும் முக்கியம். பாட்டு முடிந்து வரும் கைதட்டலின் வாலில் அடுத்த பாட்டுக்கான குச்சித் தட்டோ, கிடார் சுருதி சேர்ப்போ ஒட்டிக்கொண்டிருக்கும். ஹெட்ஃபோனில் கேட்டு அதற்கு முன்னாலேயே வெட்டுங்கள். அடுத்த பாட்டின் பெயரைப் பாடகர் அறிவிக்கும் இடத்தையும் எடுத்துவிடுங்கள். உங்கள் சிடியில் அடுத்து வருவது அந்தப் பாட்டாக இருக்காதே!

நாடாச்சுருள்:
நார்மலைஸ் பார்ப்பது உச்சத்தை மட்டும். ஒரே ஒரு ஸ்னேர் டிரம் அடி உச்சத்தைத் தொட்டால் மொத்தப் பாட்டும் தாழ்ந்தே இருக்கும். 'லவுட்னெஸ் நார்மலைசேஷன்' எடுத்து −18 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தோட அளவு) வையுங்க. அளக்கும்போது பாட்டை மட்டும் அளக்கணும், கைதட்டலைச் சேர்த்தா கணக்கு பிசகும். கிடைச்ச வித்தியாசத்தைக் கைதட்டலோட சேர்த்து முழுத் துண்டுக்கும் கொடுங்க. சத்தமான ரீமாஸ்டரை (பழைய பதிவைச் சீர்செஞ்சு மறுபடி வெளியிட்டது) இறக்குங்க. பழசை ஏத்த ஆரம்பிச்சா உச்சம் வெட்டுப்படும்.

ஒரே கச்சேரியிலிருந்து மூணு பாட்டு எடுத்தா மூணுக்கும் ஒரே அளவு ஏத்த இறக்கம்தான். பான்டேஜஸ் கச்சேரியில டாக்கிங் ஹெட்ஸ் பாடகர் டேவிட் பைர்ன் தனியா கிடாரோட ஆரம்பிப்பார். பாட்டுக்குப் பாட்டு ஆள் சேர்ந்து கடைசியில மேடையில ஒன்பது பேர். தனிக் கிடாரையும் ஒன்பது பேரையும் ஒரே சத்தத்துல வெச்சா அந்தக் கச்சேரியோட வளர்ச்சியே போச்சு.

சுருதி விஷயம்: ஃபில்ம் வினாடிக்கு 24 ஃப்ரேம், பால் (PAL, ஐரோப்பிய டிவி முறை) டிவிடி 25. படத்தை அப்படியே வேகப்படுத்தி டிவிடியில போட்டுடுவாங்க. 4 நிமிஷப் பாட்டு சுமார் 3:50-ல முடியும், சுருதி 70 சென்ட் ஏறும், அதாவது அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவு. 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' எஃபெக்ட்ல 0.960 கொடுங்க. டெம்போவை மட்டும் மாத்துற எஃபெக்டைத் தொடாதீங்க, சுருதி அப்படியே நிக்கும். ஆனா எல்லா பால் டிவிடிக்கும் இதைச் செய்யக்கூடாது. பிபிசி மாதிரி டிவி கேமராவுல 25 ஃப்ரேம்ல எடுத்தது ஏற்கெனவே சரியான வேகம். அதே பாட்டோட சிடி பதிவு இருந்தா நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்.

அலைவரிசை81:
வருட வரிசை வேண்டாம், கூட்ட வரிசை வையுங்கள். உங்கள் பட்டியலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: க்ளப், தியேட்டர், ஆல்பர்ட் ஹால், கடைசியில் அறுபதாயிரம் பேர் கூடிய ரோஸ் போல். கேட்பவர் காதில் அரங்கம் விரிந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் பீட் மேட்ச் செய்து (தாள வேகத்தை ஒன்றாக்கி) ஒட்டினால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஒற்றைக்காது:
கூட்ட வரிசை சரி. பீட் மேட்ச் மட்டும் வேண்டாம். மேடையில் டிரம்மர் இழுத்தும் தள்ளியும் வாசிப்பார், ஒரே பாட்டுக்குள் வேகம் மாறும். அதைக் கட்டத்துக்குள் இழுத்தால் சிம்பல் சத்தம் குழைந்துவிடும். டெப்பேஷ் மோட் மாதிரி முன்பே பதிவான நாடாவோடு சேர்ந்து வாசித்தவர்களிடம் வேகம் நிலையாக இருக்கும், அங்கே முயன்று பார்க்கலாம். அதற்கும் கைதட்டலை வெட்டியாக வேண்டும். அப்புறம் எதற்கு மேடைப் பதிவு?

கேசட்கடை:
கான்ஸ்டன்ட் பவர் வைத்ததும் குழி போய்விட்டது. 0.960-ம் பொருந்துகிறது. இன்னும் இரண்டு: பீல் செஷனில் கைதட்டலே இல்லை, அதை எங்கே வைப்பது? பர்ன் செய்த சோதனைச் சிடியில் ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் 2 வினாடி மௌனம் வருகிறது.

நாடாச்சுருள்:
பீல் செஷன் பிபிசி ஸ்டுடியோவுல பதிவானது, எதிரே ஆள் கிடையாது. அதுக்குக் கைதட்டல் ஒட்டுறது பொய், காதும் கண்டுபிடிச்சிடும். முந்தின கைதட்டலை 4 வினாடியில முழுசா அணைச்சு, ஒரு வினாடி மௌனம் விட்டு ஆரம்பிங்க. இரண்டையும் பக்கத்துல பக்கத்துல, சிடியோட நடுவுல வெச்சா இடைவேளை மாதிரி இருக்கும். டிவி காட்சிகளைச் சேர்க்க நினைச்சா 'டாப் ஆஃப் த பாப்ஸ்' பக்கம் போகாதீங்க, அந்தக் காலத்துல பெரும்பாலும் வாயசைப்புதான். 'த ட்யூப்' நிகழ்ச்சியில நிஜமாவே வாசிச்சாங்க.

2 வினாடி மௌனம் ட்ராக்-அட்-ஒன்ஸ் (ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியா எழுதுறது) முறையால வருது. முழுக் கோர்வையையும் ஒரே வேவ் (WAV) கோப்பா எழுதி, க்யூ ஷீட் (ஒவ்வொரு ட்ராக்கும் தொடங்குற நேரத்தைச் சொல்ற சின்னக் கோப்பு) வெச்சு டிஸ்க்-அட்-ஒன்ஸ்ல (மொத்த சிடியையும் ஒரே மூச்சுல எழுதுறது) பர்ன் பண்ணுங்க. ட்ராக் குறியைக் கைதட்டல் தொடங்குற இடத்துல வைக்காதீங்க, பாட்டோட முதல் சத்தத்துக்கு அரை வினாடி முன்னால வையுங்க. க்யூ ஷீட்ல நேரம் நிமிஷம்:வினாடி:ஃப்ரேம். வினாடிக்கு 75 ஃப்ரேம், அதனால அரை வினாடின்னா 37 அல்லது 38.

டிவிடி ஒலி 48,000 ஹெர்ட்ஸ். முதல்லயே 44,100-க்கு மாத்திட்டு வேலையை ஆரம்பிங்க. 16 பிட்டா குறைக்கிறதும் டிதர் (பிட் குறைக்கிறதால வர்ற பிசிறை மறைக்கிற நுண்ணிய இரைச்சல்) போடுறதும் கடைசியில ஒரே ஒரு தடவை. மொத்தம் 78 நிமிஷத்தைத் தாண்டாம பார்த்துக்குங்க.

ஒற்றைக்காது:
இடையில் எங்கேயும் எம்பி3 வேண்டாம், ஒலி இழப்பில்லாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பு மட்டும். எம்பி3 கோப்பின் தலையிலும் வாலிலும் துளி மௌனம் சேர்ந்துவிடும். அதோடு, குறைந்த பிட்ரேட்டில் முதலில் கெடுவதே கைதட்டல்தான், தண்ணீரில் சலசலக்கிற மாதிரி ஆகிவிடும். பாட்டு தப்பித்துவிடும், ஒட்டுப்போட்ட இடமெல்லாம் பல்லிளிக்கும்.