டீசல் குழாயிலிருந்து ஏர் (காற்று) எடுத்த பிறகும் டிராக்டர் நின்றுவிடுகிறது

கேள்வி:
எங்களுடையது இரண்டு டீசல் ஃபில்டர்களும், நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்லைன் பம்பும் கொண்ட பழைய மூன்று சிலிண்டர் டிராக்டர். முந்தாநாள் ரொட்டவேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது டீசல் முழுவதும் தீர்ந்து, வயலிலேயே நின்றுவிட்டது. டீசல் ஊற்றியபின், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் பாகம்) குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி, பேட்டரி இறங்கும் வரை செல்ஃப் அடித்தும் நுரைதான் வந்தது. நேற்று ஒருவழியாகக் கிளம்பி, இரண்டு நிமிடம் ஓடி அடங்கிவிட்டது. நாற்று பறிப்புக்குத் தயாராக இருக்கையில் சேற்றுழவு பாதியில் நிற்கிறது. ஏர் எடுக்கும் சரியான வரிசையை விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நண்பரே, கடைசியில் செய்ய வேண்டியதை நீங்கள் முதலில் செய்திருக்கிறீர்கள். டீசல் வரும் வழியிலேயே, டேங்கிலிருந்து பம்பை நோக்கிக் காற்றை வெளியேற்றிக்கொண்டு வர வேண்டும். டேங்கை ஓரளவு நிரப்பி, டேப்பைத் திறந்து, ஃபில்டர் தலைப்பகுதியைத் துணியால் துடைத்துவிட்டு, முதல் ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். ஃபீட் பம்பிலுள்ள (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறு பம்பு) கைப்பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரையும், பிறகு குமிழில்லாத டீசலும் வரும். டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்கிவிடுங்கள். அடுத்து இரண்டாவது ஃபில்டர், அதன்பின் பம்பிலுள்ள ஏர் ஸ்க்ரூ. இவ்வளவும் முடிந்த பிறகே நாசில் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுவதும் வைத்து, ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடியுங்கள். காற்று அமுங்கக்கூடியது என்பதால், குழாயில் அது சிறிதளவு இருந்தாலும் பம்பு கொடுக்கும் அழுத்தம் அதை அமுக்குவதிலேயே வீணாகி, நாசில் திறக்காது.

மறுமொழி 2:
வரிசை சரிதான். ஆனால் கிளம்பி இரண்டு நிமிடத்தில் நிற்கிறது என்றால், மீண்டும் மீண்டும் ஏர் எடுப்பது மட்டும் தீர்வாகாது என்பது என் கருத்து. டீசல் தீரும்வரை ஓடிய வண்டியில் டேங்கின் அடியிலிருக்கும் கசடு, டேப்பின் சல்லடைக்கோ ஃபீட் பம்பின் சல்லடைக்கோ வந்து அடைத்துக்கொள்வதுண்டு. அப்போது டேங்க் மேலே இருந்தாலும் டீசல் போதிய அளவு இறங்காமல், ஃபீட் பம்பின் இழுவையில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, சற்றே தளர்ந்த இணைப்பின் வழியாகக் காற்று உள்ளே நுழைகிறது. வெளியே ஒரு சொட்டு டீசல்கூடக் கசியாததால் பலர் இதைக் கவனிப்பதில்லை. சல்லடைகளைக் கழுவுங்கள், ஒருமுறை கழற்றிய செம்பு வாஷர்களை மாற்றுங்கள், டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் பாருங்கள்.

மறுமொழி 3:
ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். செல்ஃப் அடிக்கும்போது தளர்த்திய நட்டுக்கு அருகே கையை வைக்கக் கூடாது; அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிஆர்டிஐ இன்ஜின் (பொதுக் குழாயில் மிக உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கிப் பீச்சும் புதிய வகை) வைத்திருப்பவர்கள் உயரழுத்தக் குழாய்களைத் தளர்த்தும் இந்த முறையைப் பின்பற்றவே வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஃபீட் பம்பின் சல்லடை முழுவதும் கருஞ்சேறு போல அடைத்திருந்தது. அதற்குள் நுழையும் குழாயின் செம்பு வாஷரும் தேய்ந்து தட்டையாகியிருந்தது. இரண்டையும் சரிசெய்து, சொன்ன வரிசையில் ஏர் எடுத்தபின் வண்டி இரண்டு மணி நேரம் தடையின்றிச் சேற்றுழவு செய்தது.